மீனம்மாவுக்குப் புரையேறுகிறது

படுத்துக் கிடந்த மீனம்மாவின் வாயைப் பிளந்து, அவள் கணவன் சோலைமலைக் கங்காணி பால் சேர்க்காத வெறுந்தேநீரான சாயத்தண்ணியை ஊற்றினார். அவளுக்குப் புரையேறிக் கண் பிதுங்கியது. கங்காணி அவள் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பூண்டுலோயாவுல ஒன் அண்ணன் நெனைக்கிறான்டி. நெனைக்கிறவன் ஒரு எட்டு வந்து பாத்தா என்னவாம்?"

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் சனம் கெக்கலித்தது. நோயாளியைப் பார்க்க வந்த கூட்டம். பார்த்துவிட்டு மட்டும் போகிற சாதியா அது? ஆளுக்கொரு வாய் ஊட்டினால்தான் புண்ணியமாம். ஒருத்தி ரொட்டியைப் பிய்த்துத் திணித்தாள். இன்னொருத்தி சோடாவைச் சரித்தாள்.

வாதம் அடித்து மீனம்மாவின் இடப்பக்கம் விழுந்து மூன்று வாரம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே நர்ஸ் ரஜனி மிஸி படித்துப் படித்துச் சொன்னாள்: "நிமித்தி இருத்திப்போட்டு, கூழ் பதத்தில, சின்னக் கரண்டியால குடுங்கோ. தேத்தண்ணி மாதிரித் தண்ணியா ஒண்டும் வேண்டாம்."

கங்காணிக்குச் சிரிப்பு வந்தது. தேயிலை மலையில் நாற்பது தொழிலாளரை மேய்க்கிறவருக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதா!

மீனம்மாவின் கன்னம் ஒட்டிப்போனது. குரலில் சளி கரகரத்தது. ஒருநாள் வாயைத் திறக்கவே மறுத்தாள்.

"திமிருடி ஒனக்கு" என்றார். அது பயம் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை.

அதற்கு நாலாம் நாள் காய்ச்சலில் மூச்சு இழுத்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"நீங்கள் ஊத்தினதெல்லாம் வயித்துக்குப் போகேல்லை, நெஞ்சுக்குப் போயிருக்கு" என்றாள் ரஜனி.

"நான் என்ன வெசமா குடுத்தேன்?"

"அப்ப இந்த வாங்கில படுங்கோ, ஐயா. வாயைத் திறவுங்கோ, நான் ஊத்திறன்."

வீறாப்பாய் அந்தப் பெஞ்சில் படுத்தார். தண்ணீர்க் கோப்பை மூக்குக்கு மேலே வந்ததும் துள்ளி எழுந்தார். "மூச்சடைச்சிரும் மிஸி!"

"உங்களுக்கு ரெண்டு பக்கமும் நல்லா வேலை செய்யுது. அதுக்கே இந்தப் பயம்!"

கங்காணி மீனம்மா கிடந்த கட்டிலைப் பார்த்தார்.

மீனம்மா பிழைத்து வீடு திரும்ப இரண்டு வாரம் ஆனது. பக்கத்து லயத்து அழகுமுத்து சோடாப் போத்தலோடு வந்து பார்த்தபோது, கங்காணி அவளை நிமிர்த்தி உட்காரவைத்துக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க கங்காணி, பிள்ளக் காம்பராவுல கொழந்தைக்கு ஊட்டுற ஆயா வேல கெடச்சிருச்சா?"

கங்காணி திரும்பவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்தார்.

"போத்தல வெளியில வையி. முழுங்க முடியாதவங்க வாயில கண்டதையும் ஊத்துறது பாசம் இல்லடா, கொல. புரையேறுனா தலையில தட்டாத, டாக்டர்கிட்ட காட்டு. ஒரு வாய் எறங்குன பொறகுதான் மறு வாய். அதுவரைக்கும் பொறுக்கத் தெரியாத நாய் எவனும் நோயாளி பக்கத்துல வரக்கூடாது. நானும் அந்த நாயாத்தான் இருந்தேன்."