சிவப்புக்கும் ஜிமிக்கிக்கும் சம்பந்தம்

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். பொங்கி வழிந்தது. துடைத்தான். மிச்சத்தில் டீ போட்டுக் குடித்தான். பிறகு மனைவியின் புருவ பிரஷை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அதற்குள் போன் அடித்தது. மாமியார், வீடியோ காலில்.

“உங்க மூஞ்சிய அப்புறம் பாத்துக்கறேன் மாப்பிள்ளை. செடியக் காட்டுங்க.”

காட்டினான்.

இரண்டு தொட்டிகள். ஒன்றில் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த சிவப்புச் செம்பருத்தி. இன்னொன்று அவன் அம்மா கொடுத்தது. அதுவும் செம்பருத்தி இனம்தான். ஆனால் பூ தலைகீழாகத் தொங்கும், இதழெல்லாம் யாரோ கத்தரியால் நறுக்கிவிட்டதுபோல் இருக்கும். அவள் அதற்கு ஜிமிக்கி என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு செடியை உண்டாக்க வேண்டும் என்பது அவளுக்குப் பிடித்திருந்த பைத்தியம். விடிந்ததும் சிவப்புப் பூவின் மகரந்தத்தைக் கிள்ளி எறிந்துவிடுவாள். விட்டுவைத்தால் அது தன்னைத்தானே கட்டிக்கொள்ளுமாம். பிறகு ஜிமிக்கியின் மகரந்தத்தைப் பிரஷில் தொட்டு, சிவப்பின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து புள்ளிகளிலும் தடவுவாள். பிடித்தால் காய் வைக்கும். பிடிக்காவிட்டால் பூ காம்போடு விழும். விழுந்துகொண்டேதான் இருந்தது. விழுந்ததை எடுத்து, பேப்பர் படிக்கிற அவன் தலைமேல் போட்டுவிட்டு அடுத்த பூவுக்குப் போவாள்.

ஒரு சாதாரண ஆபரேஷனுக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் மயக்கத்திலிருந்து எழவில்லை. தியேட்டர் கதவு வரைக்கும் ஸ்ட்ரெச்சரோடு நடந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டார்: “கடைசியா ஏதாவது சொன்னாளா?”

“செடியப் பத்தி சொன்னா” என்றான்.

அது பொய்யில்லை. அதோடு விட்டிருந்தால் தேவலை. ஆனால் மச்சான் ஒருவர் இருக்கிறாரே. அவளுடைய அண்ணன். அவருக்கு அவள் வைத்த பட்டப்பெயர் மைக். கல்யாண வீடோ, சாவு வீடோ, மைக் எங்கே இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார். இரங்கல் கூட்டத்தில் பிடித்தார்.

“‘என் செடிகளைப் பாத்துக்கோங்க, ரெண்டையும் ஒண்ணு சேத்து வைங்க’ன்னு சொல்லிட்டுத்தாங்க என் தங்கச்சி கண்ண மூடுனா!”

கூட்டம் மூக்கைச் சிந்தியது. அவனுக்கு இது புதிய செய்தி. அவள் யாரிடமும் எதையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிற ஜாதியில்லை. மறுத்திருக்கலாம். மறுத்தால், அப்படியானால் என்னதான் சொன்னாள் என்று கேட்பார்கள். சும்மா இருந்தான். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்படித்தான் பிரஷ் அவன் கைக்கு வந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உப்பையெல்லாம் அளந்து சொல்கிறவன். இவனுக்குப் பூ என்ன பெரிய வித்தையா என்று குடும்பம் தீர்மானித்துவிட்டது. அதற்கு முன்னால் அவன் வளர்த்தது ஒரே ஒரு கள்ளிச்செடி. அதுவும் போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் தடவத் தடவப் பூக்கள் விழுந்தன. இரு வீட்டாரும் காரணம் கண்டுபிடித்தார்கள்.

“சம்பந்தி வீட்டுச் செடியில வீரியம் பத்தல மாப்பிள்ளை. சொன்னா அவங்களுக்குக் கோவம் வரும்” என்றார் மாமியார்.

“அவங்க குடுத்ததுலதான்டா குறை. டாக்டர்கிட்ட... அதான், நர்சரிக்காரன்கிட்ட காட்டுனா தெரிஞ்சிடும்” என்றார் அம்மா.

இந்த வசனங்களை அவனும் அவளும் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து, கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விடுமுறைக்கும். அப்போது பேச்சு செடியைப் பற்றி அல்ல. வந்தவர்கள் படி இறங்கியதும் அவள் இரண்டு அம்மாக்களையும் மாற்றி மாற்றிப் பேசிக்காட்டுவாள். அவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவான்.

பிறகு ஒரு பூ விழவில்லை. இதழ் வாடி உதிர்ந்தது. அடியில் பச்சையாக ஏதோ உப்பியது. காய்.

சேதி பரவியதும் வீடு மகப்பேறு வார்டு ஆகிவிட்டது. அம்மா, தொட்டிக்குப் பக்கத்தில் சத்தமாகப் பேசக்கூடாது என்றார். மாமியார், வெயில் படாமல் இருக்கக் குடை வைக்கச் சொன்னார். மைக் மட்டும் வேறு கணக்குப் போட்டார். குடியிருப்போர் சங்கத்தின் மலர்க் கண்காட்சி வருகிறது. மேடை உண்டு. மேடையில் என்ன உண்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மைக்கின் கையில் ஒரு பலகை. அவள் போட்டோ. எந்தக் காலத்திலும் அவள் சிரிக்காத ஒரு சாந்தமான சிரிப்பு, கம்ப்யூட்டரில் திருத்தியிருந்தார்கள். கீழே தங்க எழுத்தில்: ‘என் செடிகளைப் பாத்துக்கோங்க.’

“எப்படி இருக்கு மாப்பிள்ளை?”

“யாரு இது?”

“நக்கலா? நீங்க மேடை ஏறி, அவ கடைசியா சொன்னத உங்க வாயால சொல்லணும். கொஞ்சம் குரல் உடையணும். நான் மைக்கப் பக்கத்துலயே பிடிச்சுக்கறேன்.”

“நான் வரல மச்சான்.”

“அவளுக்காக இது கூடச் செய்ய மாட்டீங்களா?”

அவன் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் புடவைகளைப் பங்கு போட்டபோது சரி என்றான். பீரோவைக் காலி செய்தபோது சரி என்றான். அவளிடமிருந்து அவனுக்கென்று மிச்சம் இருந்தது அவள் வாய் ஒன்றுதான். அதையும் பிடுங்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, தங்க எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேடையில் நின்று அவனே அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவள் அந்தப் பலகையில் இருப்பவள்தான்.

“இதுல எங்க வீட்டுச் சாயல்தான் தெரியுது” என்று அம்மா குனிந்து காயைப் பார்த்தார்.

“காயில என்ன சாயல் சம்பந்தி? சும்மா இருங்க” என்றார் மாமியார்.

“முதல்ல ஒரு வீடியோ எடுத்துக்கலாம்” என்று மைக் ஒரு கையால் பலகையைக் காய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தூக்கினார். “மாப்பிள்ளை, பக்கத்துல நில்லுங்க. இலை மறைக்குது. காய லேசாத் தொட்டுக் காட்டுங்க. பாசமா.”

இதைச் சீக்கிரம் முடித்து அனுப்பினால் போதும் என்று அவன் ஒரு விரலை நீட்டினான். காம்பின் கணு மஞ்சளாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. விரல் பட்டதும் படாததுமாகக் காய் கழன்று, பலகையில் சிரிப்பவளின் மூக்கில் மோதி, அவன் செருப்பின் மேல் விழுந்தது.



அவன் சிரித்தான். முதலில் மூக்கு வழியாக வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவள் போனதிலிருந்து அந்தக் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

“அடப் பாவி, சிரிக்கிறியே!” என்று அம்மா தலையில் கை வைத்தார்.

“ரெக்கார்டு ஆகுது, ரெக்கார்டு ஆகுது” என்று மைக் பதறினார்.

மாமியார் முன்னால் வந்தார். குனிந்து காயை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மகன் கையிலிருந்த பலகையை வாங்கி, போட்டோ சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.

“என் காதுல பூ சுத்துனது போதும் மாப்பிள்ளை. பாத்துக்கோங்கன்னு சொல்ற வாயா அது? பெத்தவ நான், எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கூட்டத்துலயே தெரியும். ஊரு அழுதுச்சு, நானும் சேந்து அழுதேன்.” தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். “இப்பச் சொல்லுங்க. அவ நெஜமா என்ன சொன்னா?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்குத் தியேட்டர் கதவு பாதி திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி, நர்சுக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

“நான் வர்ற வரைக்கும் என் செடியத் தொட்டீங்க, அவ்வளவுதான். உங்க கை பட்டா பிளாஸ்டிக் பூவே வாடிடும்.”