பத்து வினாடி மௌனம்

முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் காது தேய்த்தவன் நான். எறும்பு ஏப்பம் விட்டால்கூட எந்த எறும்பு என்று சொல்லிவிடுவேன். அதனால் என் வீட்டுக்காரி தன் அறுபதாவது வயதில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, "இதை உலகமே கேக்கணும்ங்க" என்றபோது, கடைசி மெருகு போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் கேட்ட கூலிக்கு அந்த ஸ்டுடியோவையே வாங்கியிருக்கலாம்.

துணி அலமாரிதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். உள்ளே கம்பளி, ஒரு முக்காலி, ஒரு மைக், அவள். இரைச்சலை நீக்க ஒரு வழி உண்டு. யாரும் பாடாத பத்து வினாடியைத் தனியாகப் பதிவு செய்து கொடுத்தால், மென்பொருள் அந்த மௌனத்தை மனப்பாடம் செய்துகொண்டு, பாட்டிலிருந்து அப்படியே கழித்துவிடும். அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். நானோ, "அசையாம அங்கேயே உக்காரு" என்றுவிட்டேன்.

பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. கணினியில் இடமில்லை என்று பழைய பதிவை அழித்தேன். வெள்ளிக்கிழமை வெளியீடு.

மச்சான் தன் காரில் போட்டுக் கேட்டான். "அத்தான், அக்கா குரல் தேன். ஆனா எங்க மூச்சு விடுறாங்க?"

"உனக்குப் பொறாமைடா" என்றேன்.

அன்று மதியம் அவள் படுத்தாள். அவள் குறட்டைக்கு மூன்றாவது தெருவில் கதவைச் சாத்துவார்கள். அன்று ஒன்றுமில்லை. மூக்கருகே விரலை வைத்தேன். சூடாகக் காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். "என்னங்க, உயிரோட இருக்கேனான்னு பாக்குறீங்களா?"

"மூச்சு விடு, கேக்கலாம்."

விட்டாள். நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. அவள் முகம் வெளுத்தது. பாடிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே திணறி நின்றாள். "எங்க மூச்சு எடுக்கணும்னே தெரியலங்க. என் மூச்சு என் காதுக்கே கேக்க மாட்டேங்குது. இனிமே பாடவே முடியாதா?"

நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் பயந்து பேசியது அதுதான் முதல் தடவை.

பழைய பதிவு போய்விட்டது. அவள் மூச்சு விழுந்த அந்தப் பத்து வினாடி மட்டும் மிச்சம். அதையே திரும்பத் திரும்ப ஒட்டி, பாட்டுக்கு அடியில் விரித்தேன். மூன்றாவது முறை ஓடும்போது பக்கத்து அறையில் படுத்திருந்த அவளிடமிருந்து புல்டோசர் கிளம்பியது மாதிரி ஒரு பெருமூச்சு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடையில் விற்கும் பாட்டுக்குச் சமமாகச் சத்தத்தை ஏற்றுவது கடைசி வேலை. ஏற்ற ஏற்ற அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்தது. அவள் மூச்சு ஒன்று. அதற்குப் பின்னால், ரொம்ப நிதானமாக, இன்னொன்று.

"அன்னைக்கு அலமாரிக்குள்ள நீ மட்டும்தானே இருந்த?"

"அந்த இடத்துல ரெண்டு பேர் உக்கார முடியுமா?"

நான் வெளியே, இந்த நாற்காலியில் இருந்தேன். இரண்டாவது மூச்சை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அதைக் கொஞ்சம் குறைத்தாலும் பக்கத்து அறையில் அவள் மூச்சும் மங்கியது. குறைப்பதை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியே போனது. "பின்னணியில யாரு அத்தான்? ஜோடி நல்லா சேருது" என்றான் மச்சான்.

போன வாரம் அடுத்த பாட்டு. அவள் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கணினி முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். முக்காலி கிறீச்சிட்டது. பிறகு அவள் குரல், மரியாதையாக, மெதுவாக.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."