அடுத்த மெஷின் அண்ணி

பேருந்துக் கழகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'அடுத்த மெஷின்'. நகரத்துப் பேருந்துகளுக்கெல்லாம் கால அட்டவணை போடும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். அது ஆமையாக ஊர்கிறது என்று யார் முணுமுணுத்தாலும், "பொறுங்க, அடுத்த மெஷின்ல பறக்கும்" என்பாள். பல வருஷம் அது பலிக்கவும் செய்தது. ஒரு வரியைக்கூடத் தொடவேண்டாம். புதுக் கணினிப் பெட்டி வந்து இறங்கினாலே வேகம் இரட்டிப்பாகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே நல்ல பெயர்!

இந்த முறை வந்தது பதினாறு கோர் பெட்டி. யானை விலை. மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மதியச் சாப்பாட்டுக்குள்ள அட்டவணை வரலைன்னா உங்க புரோகிராமத் தூக்கிட்டு வெளிக் கம்பெனியோடதப் போட்டுடுவேன்."

காலையில் ஓடவிட்டாள். பழைய பெட்டியில் ஊர்ந்த அதே ஊர்தல். அரசாங்கக் கோப்பே பார்த்திருந்தால், "என்னப்பா இவ்வளவு நிதானம்?" என்று கேட்டிருக்கும்.

"டேய், பழைய பெட்டிக்கே பெயின்ட் அடிச்சுக் கொண்டுவந்துட்டியா?" என்று கொழுந்தனைப் பிடித்தாள். அங்கே கணினிகளைக் கவனிப்பது அவன் வேலை. அண்ணியைச் சீண்டுவது பொழுதுபோக்கு.

"அண்ணி, சிப்போட வேகம் முன்ன மாதிரி ஏறுறதில்ல. இதுக்கு மேல விரட்டினா சூட்டுலயே பொசுங்கிடும். அதான் ஒரு கோருக்குப் பதிலா பதினாறு கோர், ஒரு வேலையாளுக்குப் பதிலா பதினாறு பேர்னு உள்ள வெச்சிருக்கான். நீங்க ஒருத்தன் தலையிலயே எல்லாத்தையும் கட்டியிருக்கீங்க."

திரையைக் காட்டினான். பதினாறு கோடுகளில் ஒன்று மட்டும் உச்சியில் துடித்தது. மற்ற பதினைந்தும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன.

"அட, ஞாயித்துக்கிழம என் புருஷன் மாதிரியே படுத்திருக்குதுங்க!"

"அண்ணன இழுக்காதீங்க. ஏன் எல்லா வண்டியையும் ஒண்ணு பின்னால ஒண்ணா கணக்குப் போடுறீங்க?"

"ஊர்ல ஒரு குறுகலான பாலம் இருக்குடா. நேருக்கு நேர் வந்து மாட்டிக்கக் கூடாதுல்ல?"

"எல்லா வண்டியும் பாலத்துக்கா போகுது?"

"நீ சொல்றது சரிதான்டா" என்று ஒப்புக்கொண்டாள். அது நடந்தது அன்றுதான் முதல் தடவை. கொழுந்தன் நாள்காட்டியில் வட்டமே போட்டுவிட்டான். ஒற்றைப் பாலத்துக்குப் பயந்து, பாலத்தின் முகத்தையே பார்க்காத வண்டிகளையும் அவள் வரிசையில் நிறுத்தியிருந்தாள்!

நாற்காலியை இழுத்துப் போட்டாள். நகரத்தைப் பேட்டை பேட்டையாகப் பிரித்தாள். பேட்டைக்கு ஒரு கோர். பாலத்து வண்டிகளை மட்டும் கடைசியில் ஒன்று பின்னால் ஒன்றாகச் சேர்த்தாள். கீபோர்டைத் தட்டிய தட்டில் பக்கத்து அறைக் கணக்கர் மழை என்று ஜன்னலைச் சாத்தினார்.

ஓடவிட்டாள். பதினாறு கோடுகளும் விருட்டென்று எழுந்து நின்றன. விசிறி போட்ட இரைச்சலில் பெட்டி பறந்துவிடுமோ என்று கொழுந்தன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மேலாளர் டிபன் டப்பாவைத் திறந்து முதல் வாய் வைப்பதற்குள் அட்டவணை அவர் முன்னால் கிடந்தது. வாய்க்குப் போன கை அந்தரத்திலேயே நின்றது.

பாலத்துப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு வண்டிகூட இன்னொன்றின் வழியை மறிக்கவில்லை. வெளிக் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார்.

"பிரமாதம்மா! அப்ப அடுத்த மெஷின் எப்ப வாங்கலாம்?"

"மெஷின் வாங்குனது போதும் சார். இனிமே அதுகிட்ட வேலை வாங்குவோம்."

சொன்ன சூட்டோடு வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, படுத்திருக்கீங்களா? எழுந்திரிங்க. சமையலறை இனிமே உங்க பேட்டை!"