ஏழு வால் நட்சத்திரம்

சென்னப்பன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சின்ன வயதில் நான் பார்த்த வால்நட்சத்திரத்தின் வால் எங்கள் பலாமரத்தில் சிக்கி மூன்று நாள் நகரவில்லை. நான்தான் ஏறி எடுத்துவிட்டேன். வத்தல்மலையில் இதற்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. பக்கத்துக் காட்டுச் சென்னப்பன்தான் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "போட்டோ இருக்குதுங்களா மாமா?" என்றான். கடையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

2024 அக்டோபரில் மேற்கே ஒரு வால்நட்சத்திரம் வந்தது. பொழுது இறங்கிக் கொஞ்ச நேரம்தான் தெரியும். தினமும் மேகம். ஒருநாள் வானம் திறந்தது. என் கேழ்வரகுக் காட்டுப் பரண் காலில் செல்போனைக் கயிற்றால் கட்டினேன். இருட்டில் படம் பிடிக்க அது முப்பது விநாடி அசையாமல் வானத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் மலையில் பன்றிக் காவலுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பரணில் டார்ச் எரிந்தால் பன்றி வந்துவிட்டது என்று பொருள். மற்றவர்கள் பதிலுக்குத் தங்கள் டார்ச்சை வானத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடி வருவார்கள்.

பட்டன் தெரியவில்லை என்று ஒரே ஒரு நொடி டார்ச் போட்டேன். அணைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால், சுற்றியிருந்த ஆறு பரணிலும் வெளிச்சம் எழும்பியது.

"ஆப் பண்ணுங்கடா," என்று கத்தினேன். பன்றியை விரட்டுகிறேன் என்று அவர்களும் கூடவே கத்தினார்கள். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

படத்தில் நிஜ வால் ஒன்று, டார்ச் வால் ஆறு. அழிப்பதற்குள், முதலில் ஓடி வந்த காளியன் போனைப் பிடுங்கி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். விடிவதற்குள் மலைக்குக் கீழே இண்டூர் வரை போய்விட்டது.

காலையில் சென்னப்பன் எனக்கு டீ வாங்கி வைத்திருந்தான்.

"மன்னிச்சிருங்க மாமா. ஏழு வாலுங்க. இனிமே நீங்க சொன்னா சொன்னதுதான்."

"ஒரு வாலுதான்டா. மீதி ஆறும் டார்ச்சு. அதுல ஒண்ணு உன்னோடது."

"என் டார்ச்சு வரப்பையே தாண்டாதுங்க. பொய் சொல்லாதீங்க மாமா."

ஆதாரம் இல்லாமல் சொன்னதற்குச் சிரித்தவன், ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னால் பொய் என்கிறான். நான் டம்ளரை வைத்த வேகத்தில் பெஞ்சு நாலு துண்டானது.

மூன்று நாள் கழித்து மேகம் விலகியது. அவன் வீட்டுக்குப் போய், சாப்பிட்ட கையோடு இழுத்து வந்து மேட்டில் நிறுத்தினேன். மேற்கே அது மெலிந்துபோய் ஒற்றை வாலோடு நின்றது.

"எண்ணுடா."

வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணுதானுங்க."

"இப்பச் சொல்லு."

"ஆறு உதிர்ந்துபோச்சுங்க மாமா," என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

விடிந்ததும் அவனும் காளியனும் என் கேழ்வரகுக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கதிர் முற்றுகிற நேரம். பன்றி வந்திருந்தால்கூட அவ்வளவு மிதித்திருக்காது.