நடுப்புள்ளி

எங்கள் லேசர் அறை வாசலில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பளபளப்பான எதிலாவது பட்டால் ஒளிக்கற்றை எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது? இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது மற்றவர்களுக்காக அல்ல, என்னோடு ஆய்வு செய்யும் இம்கேவுக்காக. பிறவியிலேயே அவள் இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தவிர எதுவும் தெரியாது. வலது கண் ஒன்றுதான் அவளுக்கு.

அந்தத் திங்கட்கிழமை விரலில் புது மோதிரத்தோடு வந்தாள். ஹவ்கேயோடு நிச்சயம் ஆகியிருந்தது.

"கிண்ணத்துல போடுடி."

"கழட்ட வரல ரோஸி. சோப்பு போட்டும் பாத்துட்டேன். மேல பிளாஸ்திரி சுத்தியிருக்கேன், போதுமா?"

"விரலை வெட்டிப் போட்டுட்டு வா."

"ஹவ்கே அழுவான்," என்று சிரித்தபடி நுழைந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

எத்தில் என்கிற சின்ன மூலக்கூறுத் துண்டைத்தான் நாங்கள் உடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு லேசர் அதை அடிக்கும். தெறிக்கும் ஹைட்ரஜனை இன்னொன்று பிடிக்கும். அடி வாங்கிய உடனே உடைந்தால் ஹைட்ரஜன் வேகமாகத் தெறித்துத் திரையில் வளையமாக விழும். அடியை உள்ளே வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டுப் பிறகு உடைந்தால், மெதுவாக வந்து நடுவில் புள்ளியாக விழும். வளையம் கிடைத்துவிட்டது. இம்கேவின் ஆய்வு முழுவதும் அந்த நடுப்புள்ளிக்காகத்தான் காத்துக் கிடந்தது.

புற ஊதாக் கற்றை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை அட்டையில் பட்டால் நீலமாக மினுங்கும். பேராசிரியரின் விசிட்டிங் கார்டுகள் எங்களுக்கு அதற்குத்தான் உதவுகின்றன. அன்று மினுக்கம் மங்கலாக இருந்தது. அட்டையை நீட்டிக்கொண்டே இம்கே பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"கண்ணாடி!" என்று கத்தினேன்.

"ஒரு செகண்டுடி. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

பக்கத்திலேயே, அந்தப் புற ஊதாவை உண்டாக்கும் தாய் லேசரின் மிச்சக் கற்றை ஓடுகிறது. அது அட்டையில்கூடத் தெரியாது. டிக், டிக் என்று லேசர் அடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்திரி கருகும் வாடை என் மூக்கில் ஏறியது.

இம்கே கையை இழுத்துக்கொண்டாள். "பட்டுன்னு ஒரு சத்தம். உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லையே."

"என் தலைக்குள்ள கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமில்ல, விடு. கொஞ்சம் கூசுது."

ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். டிக் டிக் நின்றது. அட்டை கற்றையை மறைக்காத அந்தச் சில நொடிகளில் சேர்ந்த படம் மட்டும் திரையில் நின்றது. இம்கே அதன் மேல் குனிந்தாள்.

"சே! வளையம் மட்டும்தான் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல, ஒரே கறுப்பு."

நான் பார்த்தேன். வளையத்தின் நட்டநடுவில் வெள்ளைவெளேரென்று ஒரு புள்ளி இருந்தது.

"நீயே பாருடி," என்று என் பக்கம் திரும்பினாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "ரோஸி, உன் முடி தெரியுது. காது தெரியுது. உன் மூஞ்சி எங்க?"