ஆரோக்கிய ராணிக்குக் கை தழைத்த ஆண்டு

ஆரோக்கிய ராணியின் இடது முழங்கைக்குக் கீழே, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து, பங்குனி மாதம் மூன்று கைகள் தழைத்தன. முதலில் சிவந்த மொட்டுகளாக இருந்தவை ஈஸ்டருக்குள் நகம் விட்டுவிட்டன. அந்த ஆண்டு திருவதிகைப் பக்கம் பலாவும் நல்ல காய்ப்பு.

வெட்டியவன் அவள் தம்பி சூசைமாணிக்கம். கெடிலம் ஆற்றங்கரையில் அப்பா விட்டுப்போன காட்டில் நுணாவும் புங்கும் வேம்பும் நின்றன. தை மாதந்தோறும் ராணி ஒரு பக்கத்து மரங்களை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, கழிகளைப் பந்தல்காரர்களுக்கு விற்பாள். வெயில் விழுந்த இடத்தில் ஆவாரை பூக்கும், பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். அடிக்கட்டைகள் புதராகத் தழைத்ததும் கௌதாரி முட்டையிடும், முயல் குட்டி போடும். அடுத்த தையில் வேறு பக்கம். சுற்றி முடிப்பதற்குள் முதலில் வெட்டியது மறுபடி காடாகியிருக்கும். குவைத்திலிருந்து திரும்பிய சூசைக்கு அதை மட்டமாக்கி மனை போட வேண்டும். அவள் சம்மதிக்கவில்லை. மாசியில் அவன் ஜேசிபியோடு வந்தான்.

ராணி குறுக்கே நின்றாள். "வெட்டணும்னா வெட்டிக்கடா சூசை, மறுபடி தழையும். வேர மட்டும் நோண்டாத."

"தழையுமா? இது தழையுதான்னு பாக்குறேன்" என்று அவள் கொடுவாளையே பிடுங்கி வீசினான். கை சருகில் விழுந்து சிறிது நேரம் விரல்களை மடக்கி விரித்தது.

அவள் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேற்குப் பாதியை வேரோடு பெயர்த்தார்கள். முயல் குட்டிகள் சக்கரத்தில் நசுங்கின. குழிகளில் முழங்கால் அளவுக்கு ரத்தம் ஊறியது. ஜேசிபி டிரைவர் வண்டியை ஆற்றில் கழுவிவிட்டுப் போனவன்தான், திரும்பவில்லை.

தையல்கார வினோதினி புதுக் கைகளுக்கு அளவெடுத்து, "எல்லாத்துக்கும் பஃப் வைக்கட்டா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஈஸ்டர் முடிந்து சூசை வேறொரு வண்டியோடு கிழக்குப் பாதிக்கு வந்தான். ராணி மறுபடி குறுக்கே வந்தாள். ஒரு கை அவன் முடியைப் பிடித்தது, ஒன்று கழுத்தை நெரித்தது, ஒன்று வலது மணிக்கட்டை அடிக்கட்டையின் மேல் அழுத்தியது. அவளது வலக்கை கொடுவாளை அவன் கழுத்துக்குத்தான் ஓங்கியது. "யக்கா!" என்று சின்ன வயதில் கிணற்றுக்குள் விழுந்தபோது கத்திய அதே குரலில் கத்தினான். கொடுவாள் மணிக்கட்டில் இறங்கியது. புதுக் கைகள் பிடியை விட வெகு நேரம் ஆயிற்று. அவள் அழுதுகொண்டே விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள்.

போலீசிடம் இருவரும் மரம் வெட்டும்போது பட்டதென்றே சொன்னார்கள். சூசையின் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். அவன் கை தழைக்குமென்று இரண்டு மழைக்காலம் காத்திருந்தார்கள். தழைக்கவில்லை. பெயர்த்த மேற்குப் பாதியிலும் புல்கூட முளைக்கவில்லை. கிழக்கில் தை வெட்டு நடக்கிறது.

அவனுக்கு இடக்கையால் சவரம் செய்ய வராது. சனிக்கிழமைதோறும் வாசலில் நாற்காலி போட்டு ராணியே செய்துவிடுகிறாள். ஒரு கை தாடையைப் பிடிக்கும், ஒரு கை நுரை பூசும், ஒன்று காதை மடக்கும். கத்தி வலக்கையில். அது தொண்டைக்கு வரும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். பண்ருட்டி டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.