அப்பா நடிக்காத நோய்

காபி பாத்திரத்தின் குழாய் அடைத்துக்கொண்டது. கைசா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது யாரோ தோளில் தட்டினார்கள்.

"நர்ஸம்மா, நேத்து ராத்திரி நான் மூணு டிராக்டர் வாங்கிட்டேன். தூக்கமே வேண்டியிருக்கல. கவர்னர் என்கிட்ட யோசனை கேக்கப்போறார். எனக்கு என்ன வியாதி?"

தேவாலயச் சமையலறையைக் கட்டி ஆளும் எல்மாதான்.

"மேனியா" என்றாள் கைசா. "அதோட உங்களுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

தேவாலயத்தின் கீழ்த்தளமே சிரித்தது. மேலே அவள் அப்பா ஆர்விட்டுக்கு இப்போதுதான் இறுதிப் பிரார்த்தனை முடிந்திருந்தது. மண் இரும்பாக உறைந்து கிடந்ததால் அடக்கம் பனி உருகிய பிறகுதான். அதுவரை சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் இருக்கும். இங்கே ஹாம் ரொட்டியும் ஏலக்காய் ரொட்டியும் வண்ண வண்ண ஜெல்லியுமாக மேசைகள் நிரம்பி வழிந்தன.

மனநல வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்த கைசா, நோயைத் தானே கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் உரிமைக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை தேர்வில் கோட்டை விட்டாள். கேள்வியைப் பாதி படித்ததுமே நோயின் பெயருக்குத் தாவிவிடுவது அவள் சுபாவம். அதனால் இந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா அவளுக்கு நோயாளியாக நடித்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்குள் இவ்வளவு பெரிய நடிகன் இருந்தது யாருக்கும் தெரியாது. காபிக் கடையில் ஒத்திகை பார்த்துப் பார்த்து, அவளைக் கண்டாலே நோயாளியாக நடிக்கும்படி ஊரையே கெடுத்து வைத்திருந்தார். ஒரே ஒரு நோயை மட்டும் அவர் நடிக்க மறுத்தார். "மனச்சோர்வை நீயே படிச்சுக்கோ. அது எனக்குத் தமாஷா வரல" என்று முடித்துவிட்டார்.

தம்பி டேல் தட்டுடன் பக்கத்தில் வந்தான். "நாளைக்குத்தானே பரீட்சை?"

"போகல."

"ஊர் என்ன பேசும்னு பாக்கறியா? இன்னிக்கு ஊரே பைத்தியமாத்தான் இருக்கு."

"அதுக்கில்ல டேல். செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் சொன்னேனே."

செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே வந்தபோது அப்பா நாற்காலியில், சாய்வின்மேல் ஒரு கையைத் தூக்கி வைத்தபடி, கண் இமைக்காமல் இருந்தார். அதற்கு முந்தின நாள்தான் ஆள் சிலையாக உறைந்துபோகும் நோயைப் படித்திருந்தாள். நோயின் பெயரைச் சொன்னாள், மருந்தைச் சொன்னாள், அளவையும் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் கைதட்டுவதற்காகக் காத்து நின்றாள். சொந்த அப்பன் செத்ததுகூடத் தெரியாத எனக்கு மருந்து எழுத என்ன தகுதி என்று அன்றிலிருந்து மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

"அதைக் கேட்டிருந்தா அப்பா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்" என்றான் டேல்.

"அவர் சிரிப்பார். என்னால முடியல."

அதற்குள் கூட்டம் விலகி வழிவிட்டது. "ஒன்னியும் வந்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். வீதியில் பனி அள்ளும் வண்டியை முப்பது வருஷம் ஓட்டியவர் ஒன்னி. அப்பாவின் சிநேகிதர், மனைவியை இழந்தவர்.

"நர்ஸம்மா, எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றார். "விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடுது. எதைத் தின்னாலும் மரத்தூள் மாதிரி இருக்கு. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டேன். நாய்க்கு மட்டும் ஒழுங்கா சோறு வெக்கறேன்."

"நாய்தான்டா இவனுக்கு முதலாளி!" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

நோயின் பெயர் கைசாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். இன்று நடித்தவர்கள் எல்லோரும் சிரிப்பு வருகிறதா என்று ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்த்தார்கள். ஒன்னி யாரையுமே பார்க்கவில்லை. கையிலிருந்த தட்டில் ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை.

"இதுக்குக் கொஞ்சம் யோசிக்கணும், அங்கிள். வாங்க" என்று கோட்டுகள் தொங்கும் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"தமாஷுக்குச் சொன்னேம்மா."

"சாகணும்னு தோணுதா, அங்கிள்?"

ஈரக் கோட்டு ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைசா காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள்.

"தோணுது" என்றார் ஒன்னி.

"எப்படின்னு யோசிச்சீங்களா?"

"மான் துப்பாக்கி. எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பன் தினமும் காலையில காபிக்கு வருவான். ஒண்ணும் கேக்க மாட்டான். சீட்டு போடுவான், ஏமாத்துவான், திட்டு வாங்கிட்டுப் போவான். அப்படியே நாள் ஓடிச்சு. இப்ப வரலையே."

கைசா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. உங்களைத் தனியா விடப்போறதில்லை. டேல்கிட்ட உங்க வீட்டுச் சாவியைக் குடுக்கலாமா?"

டேலிடம் நாலே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். அவன் பதில் கேள்வி கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டான்.

"துப்பாக்கி, தோட்டா எல்லாத்தையும் எடுத்துடறேன். நாயும் என்கூட இருக்கட்டும்."

"அது சோபாமேல ஏறும்" என்றார் ஒன்னி.

"ஏறட்டும். என் பெண்டாட்டிகிட்ட அதுவே பேசிக்கும்."

ஒன்னி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "நாம எங்க போறோம்?"

"நகரத்து ஆஸ்பத்திரிக்கு. என் வார்டுதான். இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். உள்ளேயும் நான் கூட வரேன்."

"உனக்கு நாளைக்குப் பரீட்சைன்னு ஆர்விட் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தானே."

"ஆமா. அதுவும் அந்த ஊர்லதான். காலையில எழுதிட்டு நேரா உங்களைப் பாக்க வருவேன்."

போகப்போவதாகச் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"அந்தப் பரீட்சையில என்னை மாதிரி ஆளெல்லாம் வருவாங்களா?"

"வராம இருக்க மாட்டீங்க, அங்கிள்."

வெளியே காரின்மேல் பனி நாலு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஒன்னி தன் காபிக் கோப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, பனி சுரண்டும் தகட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முன் கண்ணாடியை மேலிருந்து கீழாக, ஒரு கோடு விடாமல் வழித்தார். பிறகு சுற்றி வந்து விளக்குகளைத் துடைத்தார். பின் கண்ணாடிக்குப் போனார். கைசா இரண்டு கைகளிலும் காபிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை குளிரில் நின்றாள்.